திறவுகோல் யார் கையில்?

இஸ்தான்பூல் மாநகரில், சுல்தான் அஹ்மது பள்ளிவாசலுக்கு அருகே, மஞ்சள் வண்ணச் சுவர்களோடு சிறியதோர் ஆடம்பர விடுதி இருக்கிறது. உஸ்மானியப் பேரரசின் அந்திமக் காலத்தில் சிறைச்சாலையாக எழுந்த கட்டடம் அது. துருக்கியக் கவிஞர் நாஸிம் ஹிக்மத்தும் அங்கே அடைபட்டிருந்தார். 1996-இல் அது விடுதியாகத் திறக்கப்பட்டது.

ஒருவர் கண்ணீர் வடித்த இடத்தில் மற்றொருவர் காசு கொடுத்துக் கண்ணயர்வது முறையாகுமா? சுவர்கள் செய்த பாவம் ஒன்றுமில்லை. சிறையொன்று குறைந்ததற்கு நாம் மகிழவே வேண்டும். ஆயினும், அன்றைய கைதி எல்லாவற்றினும் மேலாக ஏங்கியது எதற்கு? தானே கதவைத் திறந்து வெளியேறும் உரிமைக்கு! இன்று விருந்தினரிடம் மெத்தைக்கும் விருந்துக்கும் கட்டணம் வாங்குகிறார்கள். அந்த உரிமைக்கு எவரும் விலை கேட்பதில்லை. விலையில்லாததாலேயே அதன் அருமையை நாம் மறந்துவிடுகிறோம்.

வசதியுள்ளோர் அங்கே தாராளமாகத் தங்கட்டும். ஆனால், கதவைத் தாழிடும்போது, திறவுகோல் பிறர் கையிலிருக்க உள்ளே கிடப்போர் இவ்வுலகில் இன்னும் உண்டென்பதைச் சற்றே நினைக்கட்டும். அந்நினைவால் ஓரிரவு உறக்கம் கலைந்தாலும் அதனை நட்டமென்று நாம் சொல்லமாட்டோம்.