கடன்காரருக்கு ஒரு கான்செர்ட்டோ

கடன் வாங்கித் திருப்பித் தராத நண்பருக்கு உங்கள் கையால் ஆகக்கூடிய மிகச் சிறந்த பரிசைத் தருவீர்களா? 'வேற வேலை இல்லை?' என்பீர்கள். மொசார்ட் தந்தார்.

1791-ல் அவர் எழுதிய கிளாரினெட் கான்செர்ட்டோவைப் பெயர் தெரியாமலே கேட்டிருப்பீர்கள். 1985-ல் வந்த 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா' படத்தில் அதன் மெதுவான நடுப்பகுதி வரும். கான்செர்ட்டோ என்றால் முன்னால் ஒற்றை வாத்தியம், பின்னால் ஆர்கெஸ்ட்ரா. இரண்டும் பேசிக்கொள்ளும், சில சமயம் வம்பும் பேசும்.

இது வியன்னாவில் இருந்த ஆன்டன் ஷ்டாட்லருக்காக எழுதப்பட்டது. அவரிடம் சாதாரண கிளாரினெட்டைவிட நான்கு அரைச்சுரம் கீழே இறங்கும் நீளமான குழல் ஒன்று இருந்தது. அந்த அடிக்குரலை மனதில் வைத்தே எழுதினார் மொசார்ட். அதே வருடம் டிசம்பர் 5-ல், 35 வயதில் இறந்தும் போனார். சொத்துக் கணக்கு எடுத்தபோது ஷ்டாட்லர் தரவேண்டியது 500 குல்டன். மொசார்ட்டுக்கு அரண்மனை தந்த வருடச் சம்பளமே 800தான். வராக்கடன் என்று குறித்துவிட்டார்கள்.

கான்செர்ட்டோவின் கையெழுத்துப் பிரதியும் இன்று இல்லை. ஷ்டாட்லரிடம் இருந்த மொசார்ட்டின் தாள்களைப் பற்றி 1800-ல் மனைவி கான்ஸ்டான்ஸெ ஒரு கடிதம் எழுதினார். பெட்டியோடு திருடு போயிற்று என்கிறாராம் ஷ்டாட்லர். அடகு வைத்துவிட்டார் என்கிறார்களாம் மற்றவர்கள். அடகுக் கதைக்குத்தான் மவுசு அதிகம். கடனைத் தராதவர் என்பதற்காக அவர் சொல்வதெல்லாம் பொய்யாகிவிடுமா, என்ன? மொசார்ட்டே புக்பெர்க் என்ற வணிகருக்குக் கடன் கேட்டுக் கடிதம் மேல் கடிதம் போட்டவர்தான்.

'பாத்திரம் அறிந்து பிச்சையிடு' என்று சொல்லித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். யோக்கியனா பார், திருப்பித் தருவானா பார், அப்புறம் கொடு. மொசார்ட்டும் பாத்திரம் பார்த்தார். ஆனால் அது எவ்வளவு ஆழம் என்று பார்த்தார். அந்த மூச்சு எவ்வளவு கீழே இறங்கும், எங்கே குழையும் என்பது அவருக்கு அத்துப்படி. பாக்கிக் கணக்கு வேறு நோட்டு.

1801-ல் அச்சானபோது சாதாரண கிளாரினெட்டுக்குத் தோதாக அந்த அடிச்சுரங்களை மேலே தூக்கிவிட்டார்கள். இன்று சிலர் அந்த நீளக் குழலையே மறுபடி செய்து, அவை எங்கே இருந்திருக்கும் என்று ஊகித்து வாசிக்கிறார்கள். அப்படி ஒரு பதிவு கிடைத்தால் கேளுங்கள். குழல் அடியாழத்துக்கு இறங்கும்போது 500 குல்டன் ஞாபகம் வருகிறதா, பாருங்கள்.