மூக்கைத் திறக்க இடம் விட்டவர்கள்

2020 ஜூலை 22 அன்று குவாண்டாஸின் கடைசி போயிங் 747 சிட்னியிலிருந்து கிளம்பியது. கடலுக்கு மேலே கங்காரு வடிவில் சுற்றிவிட்டு அமெரிக்கா போனது. 1971இல் அங்கே வந்த வகை. இரண்டு எஞ்சின்களே போதும் என்றான பிறகு நான்குக்கு எரிபொருள் ஊற்ற யாருக்கும் மனமில்லை. கொரோனா அந்தக் கணக்கைச் சீக்கிரமாக முடித்துவைத்தது.

ஒரு உலோகக் கூட்டுக்கு எதுக்குங்க பிரியாவிடை? அதுக்கென்ன தெரியப்போகுது? நியாயமான கேள்விதான்.

ஆனால் அதன் முன்பக்க மேட்டைப் பாருங்கள். 1960களில், இனி பயணிகளெல்லாம் ஒலியை மிஞ்சும் விமானங்களுக்குப் போய்விடுவார்கள் என்று பலரும் நம்பினார்கள். அப்படி நடந்தால் 747 சரக்கு ஏற்றியாவது பிழைக்கட்டும் என்று, மூக்கைத் திறந்து சாமான் ஏற்றத் தோதாக விமானி அறையை மேலே வைத்தார்கள். ஒலியை மிஞ்சிய கான்கார்ட் 2003இல் நின்றுபோனது. சரக்கு 747கள் இன்னும் பறக்கின்றன.

என் தொழிலான மென்பொருளிலும், நாளைக்கு இன்னொருத்தர் வந்து மாற்றுவார் என்று இடம்விட்டு எழுதிய நிரல்தான் தாங்குகிறது. தான் செய்யும் பொருளுக்கு ஒருநாள் வேலை போகும் என்று ஒப்புக்கொள்வதும் ஒரு நேர்மை. அந்த நேர்மைக்கு நாம் நன்றி சொல்லலாம். உலோகத்துக்கு அது கேட்கவேண்டும் என்றில்லை.