குப்பையும் குணவிரதமும்



இல்லறத்தார்க்குரிய குணவிரதங்கள் மூன்றனுள் ஒன்று அநர்த்த தண்ட விரதம். பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்குவதே அது. ஆசாரியர் சமந்தபத்திரர் தம் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் அத்தீங்குகளை ஐவகையாக வகுத்தார். அவற்றுள் ஒன்று பிரமாத சரியை. காரணமின்றி மண்ணைத் தோண்டுதல், நீரைச் சிந்துதல், தீ மூட்டுதல், காற்றை எழுப்புதல், செடிகொடிகளை வெட்டுதல் முதலியன அதில் அடங்கும்.

மண், நீர், தீ, காற்று ஆகிய நான்கின் தீங்கும் ஒருங்கே கூடும் இடம் ஒன்று நம் காலத்தில் உண்டு. அதுவே குப்பைமேடு. சென்னைப் பெருங்குடியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையொட்டிப் பல்லாண்டுகள் குப்பை கொட்டப்பட்டது. 2022 ஏப்ரல் இறுதியில் அங்குப் பற்றிய தீ நாட்கணக்கில் புகைந்தது. அதில் மடிந்த சிற்றுயிர்களை எண்ணியவர் யார்? அக்குப்பையை வீட்டு வாயிலில் இட்ட கைகள் அத்தீயைக் காணவில்லை. காணாமையால் வினை நீங்குமோ? பிரமாதம் என்பதன் பொருளே கவனமின்மை அன்றோ!

ஊர்க்குப்பைக்குத் திட்டம் வகுப்போர் பெரும்பாலும் வண்டியையும் மேட்டையும் எண்ணியே தொடங்குவர். குப்பையில்லா நிலையை நாடும் திட்டமோ வேறோர் வரிசையைக் கொள்கிறது. வேண்டாததை வாங்காமை முதற்படி. வாங்கியதை மீண்டும் மீண்டும் பயன்படுத்துதல் அடுத்த படி. பின்னர்ப் பிரித்து, மக்குவதை உரமாக்கி, ஏனையதை மறுசுழற்சிக்கு அளித்தல். எஞ்சும் சிறிதளவே புதைப்பதற்கு உரியது.

இவ்வரிசையை ஓர் ஊரே மேற்கொண்டதுண்டு. ஜப்பானின் சிக்கோக்குத் தீவிலுள்ள கமிகாட்சு என்னும் மலையூர் 2003-இல் இவ்வுறுதியை அறிவித்தது. அங்கு மக்கள் சமையற் கழிவை வீட்டிலேயே உரமாக்குகின்றனர். மற்றவற்றைத் தாமே கொண்டுசென்று 40-க்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கின்றனர். ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மறுசுழற்சிக்குச் செல்கிறது. 2020-க்குள் குப்பையே இராது என்ற இலக்கு முழுமை பெறவில்லை; மறுசுழற்சிக்கு உதவாதபடி செய்யப்பட்ட பொருள்கள் எஞ்சின. ஆகவே, வாங்குமுன் எண்ணுதலே தலையாய அறம்.

'உரக்குழியில் புழுக்கள் தோன்றுமே, அது இம்சை அன்றோ?' எனச் சிலர் ஐயுறுவர். நல்ல ஐயமே. ஆயினும் நெகிழிப்பையில் கட்டி எறிந்தாலும் அவை தோன்றும். மேட்டுத் தீயில் வெந்து மடியும். நம் கொல்லையில் நிழலில் இட்டு, தீ வையாது, மிதியாது காத்தால் தீங்கு மிகச் சிறிதாகும். இலையில் உணவை மிச்சம் வையாமை அதனினும் சிறந்தது. உயிர்கள் இல்லாத இடம் நோக்கியே கழிவை நீக்குமாறு முனிவர்க்கு உத்சர்க்க சமிதி பணிக்கிறது. அந்நெறியின் நிழலையேனும் நாம் பற்ற வேண்டாமா?

ஜினாலய விழாக்களில் வாழையிலையும் எவர்சில்வர் தம்ளரும் போதுமே! கிராம சபை கூடும்போது, குப்பை கொட்ட இடம் தேடுமுன், குப்பையைக் குறைக்க வழி தேடுமாறு எழுந்து கேளுங்கள். அவ்வாறு கேட்பதும் அகிம்சையே.

ஜினதருமம் வாழ்க! எவ்வுயிரும் இன்புறுக!