எந்தத் துவக்கு என்று கேட்குமுன்

வாசகரே, ஐக்கிய அமெரிக்காவில் இன்று வெகு சாதாரணமாகக் கேட்கப்படும் ஒரு கேள்வியை இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறோம். நாளாந்தம் வீட்டை விட்டு வெளியே போகும்போது இடுப்பில் மறைத்துக் கொண்டுசெல்ல எது சிறந்தது? றிவோல்வரா, அல்லது தானாகவே அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலா? மணிக்கூடு வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் விசாரிப்பது போலவே இதை விசாரிக்கிறார்கள். விசாரிப்பவர்கள் கள்வர்களல்லர். ஆசிரியர்கள், தாதிமார், கடை வைத்திருப்பவர்கள், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள். எங்கள் குடும்பங்களிலிருந்து அந்நாட்டுக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகளும் நாளை இதைக் கேட்கக்கூடும்.

துவக்கு என்றால் என்னவென்று வடக்கு கிழக்கு மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1983 முதல் 2009 வரை அதனோடு வாழ்ந்திருக்கிறோம். ஆயினும் நாம் கண்டது பெரும்பாலும் சீருடையோடு வந்த துவக்கு. பக்கத்து வீட்டு ஆசிரியரின் சட்டைக்குள்ளே சத்தமின்றி இருக்கும் துவக்கு வேறொரு சங்கதி.

அமெரிக்கச் சட்டமும் இக்கேள்வியைச் சாதாரணமாக்கிவிட்டது. நியூயோர்க் மாநிலத்தில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலமாக, விசேட காரணம் காட்டினாலன்றி கைத்துப்பாக்கியை மறைத்துக் கொண்டுபோக அனுமதிப்பத்திரம் கிடையாது. 2022 யூன் மாதத்தில் அமெரிக்க உயர் நீதிமன்றம் அந்த நிபந்தனை அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளியது. டெக்சாஸ் மாநிலத்திலோ 2021 செப்டெம்பரிலிருந்து, சட்டத்தடை எதுவுமில்லாத வயதுவந்தவர் அனுமதிப்பத்திரமே இல்லாமல் கொண்டுசெல்லலாம். 2024ஆம் ஆண்டளவில் 50 மாநிலங்களில் 29 இவ்வழியில் சென்றுவிட்டன. கொண்டுபோகலாமா என்ற கேள்வியைச் சட்டம் பெரும்பாலும் தீர்த்துவிட்டது. எதைக் கொண்டுபோவது என்பதே மிஞ்சியிருக்கிறது. சட்டத்தோடு சேர்ந்து மனச்சாட்சியும் அந்த முதற் கேள்வியைக் கைவிடலாமா என்பதுதான் நாம் விசாரிக்கப்போவது.

முதலில், கேட்டவருக்கு நேர்மையாகப் பதில் சொல்லிப் பார்ப்போம். றிவோல்வருக்கு 1836ஆம் ஆண்டில் சாமுவேல் கொல்ட் என்பவர் அமெரிக்காவில் ஆக்கவுரிமை பெற்றார். சுழலும் உருளை ஒன்றில் வழக்கமாக ஐந்து அல்லது ஆறு ரவைகள் இருக்கும். இக்காலத்து றிவோல்வரில் விசையை இழுக்க உருளை சுழன்று அடுத்த ரவை குழலுக்கு நேரே வந்து நிற்கும். ஒன்று வெடிக்காமற் போனால் மறுபடி இழுத்தாற் போதும். சிக்கல் குறைந்தது, நடுங்கும் கையும் அதைக் கையாளலாம். ஆனால் விசை கடினமானது. சுத்தியலை முன்கூட்டியே இழுத்துவைக்காவிட்டால் 10 முதல் 12 இறாத்தல் வரையான பலம் விரலுக்கு வேண்டும். முடிந்ததும் திரும்ப நிரப்புவதற்கும் நேரம் பிடிக்கும்.

பிஸ்டலில் ரவைக்கூடு பிடிக்குள்ளே செருகப்பட்டிருக்கும். சுட்டதனால் எழும் பின்னுதைப்பே மேற்பகுதியைப் பின்னுக்குத் தள்ளி, வெற்றுக்கோதை வெளியே வீசி, அடுத்த ரவையை ஏற்றிவிடுகிறது. ஒஸ்திரிய இராணுவம் 1982இல் தெரிந்தெடுத்த குளொக் பிஸ்டலின் கூட்டில் 17 ரவைகள். அதன் விசைக்கு றிவோல்வரில் வேண்டியதன் பாதியளவு பலம் போதும். தட்டையானபடியால் உடுப்புக்குள் மறைப்பதும் எளிது. குறை என்னவென்றால், இடையில் சிக்கிக்கொண்டால் அதை விடுவிக்கப் பழகியிருக்க வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. ரவைக்கூட்டைக் கழற்றியதும் துவக்கு வெறுமையாகிவிட்டது என்று எண்ணுவோர் உண்டு. குழலடியிலே ஒரு ரவை அப்படியே இருக்கும். வீடுகளில் நேர்ந்த மரணங்கள் பலவற்றுக்கு அந்த ஒற்றை ரவையே காரணம்.

அமெரிக்கப் பொலிசார் றிவோல்வரை விட்டதற்கும் ஒரு கதை உண்டு. 1986 ஏப்ரல் 11ஆந் திகதி மயாமி நகரத்தருகே இரண்டு கொள்ளையர்களுக்கும் மத்திய புலனாய்வுப் பணியக அதிகாரிகள் எட்டுப்பேருக்கும் நடந்த மோதலில் அதிகாரிகள் இருவர் மாண்டனர், ஐவர் காயப்பட்டனர். அதிகாரிகளிற் பெரும்பாலோர் வைத்திருந்தவை றிவோல்வர்கள். அதன் பின்பு பொலிஸ் படைகள் ஒவ்வொன்றாகப் பிஸ்டலுக்கு மாறின. பொலிசார் சென்ற வழியே பொதுமக்களும் சென்றார்கள்.

இதெல்லாம் கருவியின் கணக்கு. இக்கணக்கில் எவ்வளவு தூரம் போனாலும் அகப்படாத ஒன்று இருக்கிறது.

13ஆம் நூற்றாண்டிலே புனித தோமஸ் அக்குவினாஸ் இதைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். தற்காப்புச் செயலிலிருந்து இரு விளைவுகள் பிறக்கலாம்: தன் உயிர் காக்கப்படுதல் ஒன்று, தாக்கியவனின் சாவு மற்றொன்று. முதலாவதை மட்டும் நாடிச் செய்து, இரண்டாவது நாட்டத்துக்குப் புறம்பாக நேர்ந்தால் செய்தவர்மேல் குற்றமில்லை. ஆனால் தேவைக்கு மிஞ்சிய பலாத்காரம் தகாது. மேலும், பொது அதிகாரம் பெற்றவரைத் தவிர வேறெவரும் தற்காப்புக்காகவேனும் கொலையை நாடலாகாது. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் காலத்தில் 1992இல் வெளிவந்த மறைக்கல்வி நூலும் இந்தப் போதனையையே எடுத்துரைக்கிறது. பிறருடைய உயிருக்குப் பொறுப்பானவர்களுக்குத் தற்காப்பு ஓர் உரிமை மாத்திரமன்று, கடமையாகவும் இருக்கலாம் என்று அது சேர்த்துச் சொல்கிறது. ஆகவே, துவக்கைத் தொட்டவன் எவனும் பாவியென்று திருச்சபை கூறுவதில்லை. அவ்வளவு சுலபமாகத் தீர்ந்துவிடும் விடயமாக இருந்திருந்தால் இக்கட்டுரைக்கே இடமில்லை.

அமெரிக்காவில் சுடப் பழக்குகின்ற ஆசிரியர்களும், கொல்வதற்காகச் சுடவேண்டாம், தடுத்து நிறுத்துவதற்காகவே சுடுங்கள் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். வழக்குக்குப் பயந்து சொன்னாலும் இது தோமையார் வகுத்த வேறுபாடேதான். சிக்கல் எங்கே? தோமையார் மனதிற் கொண்டது தாக்குகிறவன் முன்னே நிற்கின்ற கணத்தை. நாம் பேசுவதோ காலை ஏழு மணியை. அப்போது தாக்குகிறவன் எவனுமில்லை. ஒருவர் முகம் கழுவி, உடுத்தி, லாச்சியைத் திறந்து, எத்தனை ரவை போதும், உடலுக்குள் போய் விரியும் சன்னமா மற்றதா என்று ஆறுதலாகத் தெரிவு செய்கிறார். இவ்வளவையும் நாள்தோறும் செய்பவர், இன்னொருவருடைய சாவு என் நாட்டத்துக்குப் புறம்பானது என்று சொல்ல முடியுமா?

எமது அபிப்பிராயம், சிலர் சொல்லலாம், பலர் சொல்ல முடியாது என்பதாகும். கொன்றுவிடுவதாகப் பலமுறை மிரட்டிய முன்னாட் கணவனுக்குப் பயந்து, பொலிஸ் வர அரைமணி நேரம் செல்லும் ஊரில் பிள்ளைகளோடு வாழும் பெண் ஒருத்தி சொல்லலாம். அவளுடைய அச்சத்துக்கு ஒரு பெயரும் முகமும் இருக்கின்றன. அந்த ஆபத்து நீங்கினால் துவக்கும் நீங்கிவிடக்கூடும். முகமில்லாத அச்சத்துக்காகக் கொண்டுசெல்பவரின் நிலை வேறு. தீயணைக்கும் கருவியை வீட்டில் வைத்திருப்பது போன்றதே இது என்று அவர் சொல்வார். ஆனால் நெருப்பு எவருடைய மகனுமன்று. தீயணைக்கும் கருவி உள்ளவர் தெருவிலே எதிர்ப்படுகிற மனிதரை அளந்து பார்க்கத் தேவையில்லை. துவக்குள்ளவர் அளந்தே ஆகவேண்டும். அதற்காகவே அதைக் கொண்டுபோகிறார். யாரை அதிகமாக அளப்பார் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் தன்னைப் போல் இல்லாதவரை. வெள்ளை நகரங்களில் வாழும் எங்கள் பிள்ளைகள், அளக்கிறவர்களாக ஆகுமுன்பு அளக்கப்படுகிறவர்கள் என்பதை மறந்துவிடலாகாது.

1984 டிசெம்பர் 22ஆந் திகதி நியூயோர்க் சுரங்க ரயிலில் நடந்ததைப் பாருங்கள். பேர்னாட் கெட்ஸ் என்பவரிடம் இளைஞர்கள் நால்வர் வந்தனர். ஒருவன் ஐந்து டொலர் கேட்டான். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வழிப்பறிக்காரர்களால் தாக்கப்பட்டு, அதன் பின்பு அனுமதியின்றித் துவக்கு வைத்திருந்தவர் கெட்ஸ். ஐந்து ரவை கொண்ட றிவோல்வரை எடுத்து நால்வரையும் சுட்டார். எல்லாரும் உயிர் பிழைத்தனர். ஒருவன் நடக்க முடியாதவனானான். 1987இல் யூரிகள் கொலைமுயற்சிக் குற்றத்திலிருந்து அவரை விடுவித்து, துவக்கை வைத்திருந்த குற்றத்துக்கு மாத்திரம் தண்டனைக்குரியவராக்கினர். 1996இல் வேறொரு யூரி, நடக்க முடியாதவனுக்கு 43 மில்லியன் டொலர் நட்டஈடு கொடுக்குமாறு தீர்த்தது. ஒரே செயல், இரண்டு தீர்ப்பு. ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறு. ஐந்து ரவைகளும் தீர்ந்தபடியாற்தான் சுடுவது நின்றது. அந்த மனிதருடைய உள்ளத்தில் எந்த இடத்தில் எல்லை இருந்தது என்பதை உருளை காட்டவில்லை.

பிஸ்டல் காலத்துக் கதை 1999 பெப்ரவரி 4ஆந் திகதியது. கினி நாட்டிலிருந்து வந்து நியூயோர்க்கில் வாழ்ந்த அமாடு டியாலோ என்ற இளைஞர் தம் வீட்டு வாசலிலே நின்றார். சாதாரண உடுப்பில் வந்த நான்கு பொலிசார், அவர் சட்டைப்பைக்குள்ளிருந்து எடுத்ததைத் துவக்கு என்று எண்ணிச் சுட்டார்கள். 41 வெடிகள். 19 அவர்மேற் பட்டன. இருவர் ஒவ்வொருவரும் 16 ரவைகளைச் சுட்டிருந்தனர். டியாலோவின் கையில் இருந்தது பணப்பை. 2000ஆம் ஆண்டில் நால்வரும் விடுதலையாயினர். தம்முள் ஒருவர் படியில் தவறி விழுந்ததைச் சூடுபட்டு விழுந்ததாக எண்ணினார்கள் என்பது அவர்களுடைய விளக்கம். அதை நாம் பொய்யென்று சொல்லவில்லை. பயிற்சி பெற்ற, பொது அதிகாரம் பெற்ற நால்வருக்கே சில விநாடிகளுக்குள் இவ்வளவு நேருமென்றால், வார இறுதியில் பழகிய ஆசிரியருக்கு எவ்வளவு நேரும்?

எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் செய்யவேண்டும். 2019 டிசெம்பர் 29ஆந் திகதி டெக்சாஸில் வைற் செற்றில்மன்ற் என்ற ஊரின் தேவாலயமொன்றில், ஞாயிறு வழிபாட்டு நேரத்தில் ஒருவன் எழுந்து இருவரைச் சுட்டுக்கொன்றான். சபையின் பாதுகாப்புத் தொண்டர் ஒருவர் ஆறு விநாடிக்குள் ஒரேயொரு வெடியால் அவனை வீழ்த்தினார். அவர் இல்லாவிட்டால் இன்னும் எத்தனை பேர் மாண்டிருப்பார்களோ. இதைக் கண்டும் காணாததுபோல் எழுதுவது நேர்மையன்று. ஆனால் அந்த வெடி ஒன்றுதான். றிவோல்வரில் இருந்தாலும் அவ்வளவே தேவைப்பட்டிருக்கும்.

இங்கே ஒரு சிறு வேடிக்கை. 1862இல் இளவயதிலேயே இறந்து, 1920இல் புனிதரென அறிவிக்கப்பட்ட வியாகுல மாதாவின் கபிரியேலைக் கைத்துப்பாக்கி வைத்திருப்போரின் பாதுகாவலராக்க வேண்டுமென்று அமெரிக்காவில் ஒரு சங்கம் முயன்றது. கொள்ளையிட வந்த போர்வீரர்களுக்கு முன்னால் அவர் ஒரு பல்லியைக் குறிதவறாமற் சுட்டு விரட்டினார் என்பது அவர்களுடைய கதை. அக்கதை நடந்ததா என்பதே சந்தேகம். நடந்திருந்தாலும் இறந்தது பல்லி மாத்திரம். அமெரிக்க ஆயர்களுடைய எண்ணம் வேறுவிதமானது. அவர்களுடைய குழுவொன்று 1975ஆம் ஆண்டிலேயே, கைத்துப்பாக்கிகள் மனித உயிருக்கு அச்சுறுத்தல் என்று அறிக்கை வெளியிட்டுக் கட்டுப்பாடு கோரியது.

துவக்குத் தெருவிலே மட்டும் இருப்பதில்லை; இரவில் வீட்டுக்கு வருகிறது. 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துவக்கினால் இறந்தோர் 48,830 பேர். அவர்களிற் பாதிக்கு மேல், 26,328 பேர், தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். கலிபோர்னியாவில் மில்லியன் கணக்கானோரைத் தொடர்ந்து ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துவக்கினால் தற்கொலை செய்துகொண்டது மற்ற ஆண்களைவிட ஏறத்தாழ 8 மடங்கு. பெண்களில் 35 மடங்கு. எவனுக்கோ பயந்து வாங்கிய கருவி, மனம் உடைந்த ஓரிரவில் தன் வீட்டவருடைய கைக்கு எட்டுகிறது. மாத்திரையை விழுங்கியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடலாம். துவக்குக்கு அந்த அவகாசம் மிக அரிது. றிவோல்வரா பிஸ்டலா என்று ஆராய்கிறவர் இந்த எண்ணிக்கைகளை ஏன் ஆராய்வதில்லை?

நாளாந்தம் ஆயுதம் கொண்டுசெல்வதை ஆதரிக்கும் கிறிஸ்தவர்கள் லூக்காஸ் 22ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். மேலாடையை விற்றாவது வாள் வாங்குமாறு ஆண்டவர் கூறினார். சீடர்களிடம் ஏற்கெனவே இரண்டு வாள்கள் இருந்தன. மெய்தான். இராப்போசனத்துக்கே வாளோடு வந்தவர்கள் இருந்தார்கள். அன்றிரவே அது பாவிக்கப்பட்டது. இராயப்பர் வீசினார். வெட்டுண்டவன் யூதாசுமல்லன், படைத்தலைவனுமல்லன். தலைமைக் குருவின் ஊழியனான மால்குஸ். ஆண்டவர் வாளை உறையிலே போடச் சொல்லி, அவன் காதைக் குணமாக்கினார். அதோடு கதை முடிந்துவிட்டதாக நாம் நினைக்கிறோம். அருளப்பர் இன்னொன்று எழுதியிருக்கிறார். அன்றிரவு முற்றத்தில் இராயப்பர் குளிர்காய்ந்து நின்றபோது, அவரைத் தோட்டத்திலே கண்டதாக மூன்றாவது முறை கேட்டவன் யார்? காது வெட்டுண்டவனுடைய உறவினன். அக்கேள்விக்குத்தான் இராயப்பர் மறுதலித்தார், சேவல் கூவிற்று. வாள் அவருடைய அச்சத்தைக் குறைக்கவில்லை. புதிதாக ஓர் அச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தது.

டெக்சாஸிலோ புளோரிடாவிலோ இருக்கும் மகனோ மருமகளோ தொலைபேசியில் இப்பேச்சை எடுத்தால், உடனே ஏசவேண்டாம். ஏசினால் அடுத்தமுறை உங்களிடம் சொல்லமாட்டார்கள். யாருக்குப் பயப்படுகிறாய் என்று கேளுங்கள். அந்த ஆளுக்குப் பெயர் உண்டா என்று கேளுங்கள். வேலைவிட்டு வந்ததும் அதை எங்கே வைப்பாய், பூட்டுவாயா, திறப்பு யாரிடம் இருக்கும், வீட்டில் மனவருத்தத்தோடு இருக்கிறவர் எவராவது உண்டா என்றும் கேளுங்கள். எந்த வகைத் துவக்கு என்பதைப் பதில்கள் வந்த பின்பு பேசிக்கொள்ளலாம்.