கைதட்டுவோர் கடன்

ஆறு வயதுக் குழந்தை தொலைக்காட்சி மேடையில் உதட்டைக் கடித்து, கண்ணடித்து, இடுப்பை ஒடித்து சினிமாப் பாட்டுக்கு ஆடுகிறது. நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். வயதுக்கு ஒவ்வாத இத்தகைய அசைவுகளோடு குழந்தைகளைக் காட்ட வேண்டாம் என்று 2019 ஜூனில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தனியார் தொலைக்காட்சிகளுக்கு அறிவுரை அனுப்பியது. மேடை ஓயவில்லை, போதாக்குறைக்கு வீட்டுக் கூடமே ரீல்ஸ் மேடையாகிவிட்டது. இது தவறு. குழந்தையின் தவறன்று, கைதட்டும் பெரியவர்களின் தவறு.

"அதுவாகத்தான் பார்த்து ஆடுது, நாங்களா சொல்லிக்கொடுத்தோம்?" என்பது வழக்கமான பதில். பார்த்து ஆடுவது உண்மைதான். மனிதன் தன் முதல் பாடங்களைப் போலச்செய்தே கற்கிறான் என்று 'கவிதையியல்' நூலில் அரிஸ்டாட்டில் அன்றே சொல்லிவிட்டார். 2005இல் விக்டோரியா ஹார்னரும் ஆண்ட்ரூ வைட்டனும் வெளியிட்ட ஆய்வில், பெட்டிக்குள் இருந்த பரிசைச் சிம்பன்சிகளுக்கும் குழந்தைகளுக்கும் குச்சியால் எடுத்துக் காட்டியபோது, தேவையில்லாத சில செய்கைகளையும் சேர்த்தே காட்டினார்கள். உள்ளே இருப்பது தெரியும் பெட்டி என்றால் சிம்பன்சிகள் வீண்வேலையை விட்டுவிட்டு நேரே பரிசுக்குப் போயின. மூன்று நான்கு வயதுக் குழந்தைகளோ வீண்வேலையையும் விடாமல் செய்தார்கள். பெரியவர் செய்தால் காரணம் இருக்கும் என்ற நம்பிக்கை போலும். விளம்பர இடைவேளைகளுக்கு நடுவே விலைபோவது அந்த நம்பிக்கைதான்.

1965இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா கண்டது இன்னும் கூர்மையானது. பொம்மையை ஒருவர் அடிக்கும் படத்தைக் குழந்தைகளுக்குக் காட்டினார். அடித்தவர் தண்டனை பெறுவதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். பார்த்ததைச் செய்துகாட்டினால் பரிசு என்றதும், அவர்களும் மற்றவர்களுக்குச் சமமாகச் செய்துகாட்டினார்கள். ஆக, பாடம் எல்லார் மனதிலும் ஏறித்தான் இருந்தது. அதை வெளியே கொண்டுவந்தது பரிசு. கைதட்டலும் லைக்கும் பரிசல்லாமல் வேறென்ன?

மகனை அவையில் முந்தியிருக்கச் செய்வதே தந்தை செய்யும் நன்மை என்று வள்ளுவரே சொல்லவில்லையா என மடக்குவோரும் உண்டு. பரிமேலழகர் அதற்குக் கற்றோர் அவை என்று பொருள் கண்டார். டிஆர்பி கணக்கிடும் அவையை அவர் அறியார். மகனைச் சான்றோனாக்குவதைத் தந்தைக்குக் கடனாக வைத்த பொன்முடியார், அதே புறநானூற்றுப் பாட்டில் கொல்லனுக்கும் வேந்தனுக்கும்கூடப் பங்கு பிரித்தார். பிள்ளை வளர்ப்பு ஊரார் பொறுப்பும்கூட என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

திறமைக்கு மேடை வேண்டும், எளிய குடும்பங்களுக்கு அது ஒரு வாசல் என்பதை மறுப்பதற்கில்லை. மேடை இருக்கட்டும், அதற்கு எல்லையும் இருக்கட்டும்.

குழந்தைக் கலைஞர் நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, வருமானத்தில் 20 சதவீதமாவது அவர் பெயரில் வங்கியில் போட வேண்டும் என்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகள் வரையறுக்கின்றன. நேரத்தையும் பணத்தையும் இப்படி அளந்துவிடலாம். எந்தப் பாட்டு, எந்த அசைவு என்பது ஒத்திகையில் பெற்றோரும் டான்ஸ் மாஸ்டரும் நிகழ்ச்சித் தயாரிப்பாளரும் கூடி முடிவு செய்வது. அவர்களில் ஒருவர் மறுத்தாலே போதும்.