மன்னிக்கும் விமானம்

திருச்சி விமான நிலையம் இருப்பது புதுக்கோட்டைச் சாலையில். பேருந்து ஜன்னல் வழியாக விமானம் தரையிறங்குவதைப் பார்த்து வளரும் புதுக்கோட்டைப் பிள்ளைக்கு விமானி ஆசை வருவது இயல்புதான். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். முதல் மணியை எந்தச் சிறு விமானத்தில் தொடங்குவது? என்ஜின், எரிபொருள், வாடகை என்று பேச்சு ஓடினாலும், அடியில் கிடப்பது ஓர் அறக்கேள்வி: கற்பவனின் பிழையை ஆசான் பொறுப்பதா, தண்டிப்பதா?

பிரெட் வீக் பொறுக்கும் கட்சி. 1930களில் அமெரிக்காவில் அவர் வடிவமைத்த எர்கூப், சுழன்று விழவே முடியாத விமானம். அதில் சுக்கானை இயக்கும் கால் பெடல்கூடக் கிடையாது. ஆனால் வேகத்தை மிகவும் குறைத்தால் அதுவும் மளமளவென்று உயரம் இழக்கும்.

1978இல் சந்தைக்கு வந்த பைப்பர் டோமஹாக் எதிர்க்கட்சி. இறக்கை தன் தூக்குவிசையை இழப்பது ஸ்டால். அந்நிலையில் ஒரு பக்கம் முந்திச் சரிந்தால் ஸ்பின். இவற்றை மாணவன் உடம்பால் உணர வேண்டும் என்று பயிற்சியாளர்கள் கேட்டார்கள், பைப்பர் செய்து கொடுத்தது. விளைவு விசித்திரமானது. சாதுவான செஸ்னா 150, 152 வகைகளைவிட டோமஹாக்கின் மொத்த விபத்து விகிதம் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று அமெரிக்க விமானிகள் சங்கத்தின் ஆய்வு கண்டது. உயிர் பறித்த ஸ்பின் விபத்துகளிலோ டோமஹாக்கின் விகிதமே அதிகம்.

அப்படியானால் எந்தக் கட்சி சரி? விடையைத் தேடி ஊர்ப் பக்கமே போகலாம்.

புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டம் என்ற குகை இருக்கிறது. சமண முனிவர்களுக்காக வழவழப்பாகச் செதுக்கிய 17 கல் படுக்கைகள் அங்கே உண்டு. தலையணைக்கும் கல்லையே மேடாக விட்டிருக்கிறார்கள். அந்தக் கடுமையை யாரும் இல்லறத்தார் மேல் ஏற்றவில்லை. கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரம்மசரியம், பற்றின்மை என்ற அதே ஐந்து நோன்புகள் அவர்களுக்கு அணுவிரதம், துறவிக்கு மகாவிரதம். பாடம் ஒன்று, அளவு வேறு. இல்லறத்தார்க்கு என்று கொல்லாமையைப் பட்டியலிலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை.

எர்கூப் பாடத்தையே எடுத்துவிட்டது. டோமஹாக் மகாவிரதத்தை முதல் நாளே கையில் கொடுத்தது. செஸ்னா 152 இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: பிழையைப் பொறுக்கும், ஆசிரியர் பக்கத்தில் இருக்க, வேண்டுமென்றே ஸ்பின் போட்டுப் பழகவும் அதில் அனுமதி உண்டு. தொடக்கத்துக்கு அதுவே நல்லது. பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டுமுன் விமானத்தின் பெயரைக் கேட்பதோடு, ஆசிரியர் அதில் ஸ்பின் செய்து காட்டுவாரா என்றும் கேளுங்கள்.