மறைக்க வேண்டிய பெயர்

பழைய வகுப்புத் தோழர்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்றுகூடினால், முதல் ஒரு மணி நேரம் நரையையும் வழுக்கையையும் பற்றிய பரிகாசத்திலேயே போய்விடும். அடுத்த ஒரு மணி நேரம் சர்க்கரை வியாதிக்கும் பேரன் பேத்திகளுக்கும் உரியது. மூன்றாவது மணி நேரத்தில்தான் மனச்சாட்சி மெல்லக் கண் விழிக்கிறது. "நாம் படித்த பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்ய வேண்டாமா?" என்று யாராவது ஒருவர் கேட்கிறார்.

எங்கள் கூட்டத்திலும் அப்படித்தான் கேட்டார்கள். 1973-ல் பள்ளி இறுதி வகுப்புத் தேறிய நாங்கள், 2023-ல் தஞ்சைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், அதே பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில் 22 பேர் கூடினோம். பாங்கியில் பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்றவர் ஒருவர், டாக்டர் ஒருவர், சிங்கப்பூரில் சம்பாதித்து ஊருக்குத் திரும்பியவர் ஒருவர். ஊரை விட்டு நகராமல் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் நண்பனும் வந்திருந்தான். அவரவரால் இயன்றதைக் கொடுத்து ஓர் அறக்கட்டளை ஏற்படுத்துவது என்று அன்று மாலைக்குள் முடிவாயிற்று. எழுதத் தெரிந்தவன் என்ற குற்றத்துக்காக, அதன் நோக்கங்களை எழுதுவதும் தொடக்க விழாவுக்குத் திட்டம் வகுப்பதும் என் தலையில் விழுந்தன.

மிகுந்த உற்சாகத்தோடு எழுதினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நன்கொடையாளர்களின் பெயர்களைத் தொகை வரிசையில் பொறித்த சலவைக்கல் ஒன்று, மேடை, மாலை, ஏழை மாணவர்கள் 25 பேரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து, பையும் நோட்டுப் புத்தகமும் உதவித் தொகையும் கொடுப்பது, கொடுக்கும்போது புகைப்படம். அடுத்த கூட்டத்தில் இதை வாசித்தேன். கைதட்டினார்கள். சைக்கிள் கடை நண்பன் மட்டும் தட்டவில்லை.

"எல்லாம் சரிதான்டா" என்றான். "அந்தப் பிள்ளைகளை மேடைக்கு எதற்குக் கூப்பிடுகிறாய்? நம் கணக்கு வாத்தியார் நம்மைக் கூப்பிட்டாரா?"

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அவன் சொன்னது எங்கள் எல்லாருக்கும் புரிந்தது.

1973-ல் அரசாங்கப் பரீட்சைக்குப் பணம் கட்டும் கடைசி நாள் நெருங்கியபோது எங்கள் வகுப்பில் நாலு பேர் கட்டவில்லை. வேளாண்மை பொய்த்திருந்த வருஷம். இன்று அந்தத் தொகையைக் கேட்டால் சிரிப்பு வரும். அன்று அது பல வீடுகளில் ஒரு மாதத்து அரிசி. மறுநாள் கணக்கு வாத்தியார் வகுப்புக்கு வந்தார். "எல்லாருக்கும் பணம் கட்டியாகிவிட்டது. யார் கட்டினார், யாருக்குக் கட்டினார் என்று எவனும் எவனையும் கேட்கக் கூடாது. புத்தகத்தைத் திற" என்றார். அவ்வளவுதான். அவர் கட்டினார் என்பது பிறகு ஊருக்குத் தெரிந்துவிட்டது. யாருக்குக் கட்டினார் என்பது மட்டும் கடைசி வரையில் தெரியவே இல்லை.

"அந்த நாலு பேரில் நான் ஒருவன்" என்றான் என் நண்பன், ஐம்பது வருஷத்துக்குப் பிறகு, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

நானும் ஒருவன். என் தகப்பனார்தான் கட்டினார் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். அவர் காலமான பிறகு என் தாயார் உண்மையைச் சொன்னார். அன்று அந்தக் கூட்டத்தில், "நானும்தான்" என்று சொல்ல வாயைத் திறந்தேன், சொல் வரவில்லை. வயது அறுபத்தேழு. வீடு இருக்கிறது, பெயர் இருக்கிறது, புத்தகங்கள் இருக்கின்றன. இத்தனை இருந்தும் ஒரு காலத்தில் நான் பெற்ற உதவியை இருபது நண்பர்கள் முன்னால் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்படியானால் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியை, ஊர் முழுவதும் பார்க்க, "இவள் ஏழை" என்று ஒலிபெருக்கியில் அறிவித்து மேடைக்கு அழைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

தர்மத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கொடுத்தவன் தன் பெயரை வெளியிடலாமா, கூடாதா என்றே வாதாடுகிறோம். கோயிலின் குழல்விளக்கில் வெளிச்சம் மறையும்படி உபயதாரர் பெயரை எழுதுவதைக் கேலி செய்கிறோம். நியாயமான கேலிதான். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று நம் கண்ணில் படுவதில்லை. எங்கள் வாத்தியாரின் பெயர் வெளியே தெரிந்துவிட்டது. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. அவர் கண்ணுங் கருத்துமாக மறைத்தது எங்கள் நாலு பேருடைய பெயர்களை. கொடுத்தவன் பெயர் வெளிப்படுவது அதிகமாகப் போனால் ஒரு சிறு அகம்பாவம். பெற்றவன் பெயர் வெளிப்படுவது ஒரு காயம்.

கொடுத்தவர் பெயரை எழுதுவதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் ஊரிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களைப் பார்த்தால் விஷயம் விளங்கும். நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் விட்டார்கள். அதற்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்று கல்லில் வெட்டினார்கள். கொடுத்தவர் பெயரோடு, ஆட்டை ஏற்றுக்கொண்ட இடையர் பெயரும் நெய்யின் அளவும் அங்கே இருக்கின்றன. அந்தக் கல் பெருமைக்கு மட்டும் வெட்டியதன்று. பின்னால் வருகிறவன் ஏமாற்றாமல் இருக்க வெட்டிய கணக்குப் புத்தகம் அது.

கணக்கு இல்லாத தர்மம் என்ன ஆகும் என்பதற்குப் பச்சையப்ப முதலியாரின் சொத்தே சாட்சி. 1794-ல் அவர் இறந்தார். தர்மத்துக்கென்று உயில் எழுதிவைத்துத்தான் இறந்தார். ஆயினும் பங்காளிச் சண்டையிலும் வழக்கிலும் அந்தப் பணம் பல பத்தாண்டுகள் சிக்கிக் கிடந்தது. சென்னையில் இருந்த சுப்ரீம் கோர்ட்டு தலையிட்ட பிறகுதான், 1842-ல் அவர் பெயரால் பள்ளிக்கூடம் திறக்க முடிந்தது. நடுவில் போன தலைமுறைக்கு யார் பதில் சொல்வது? நல்ல மனம் மட்டும் இருந்தால் போதாது. பத்திரமும் தணிக்கையும் வேண்டும்.

எங்கள் பாங்கி நண்பர் எழுப்பிய ஆட்சேபமும் இதுதான். "படம் இல்லாவிட்டால் பணம் கொடுத்தவர்கள் எப்படி நம்புவார்கள்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நாங்கள் யோசித்துக் கண்ட பதில் இது: பணத்தின் கணக்கை வெளிச்சத்தில் வைப்போம், பிள்ளையின் பெயரை நிழலில் வைப்போம். ரசீதுகளைக் காட்டலாம், தணிக்கையாளர் அறிக்கையை ஆண்டுதோறும் பள்ளிக்கூடத்திலேயே வாசிக்கலாம். குழந்தையின் முகம் ரசீது ஆகாது.

பிறகு தலைமையாசிரியை அம்மாளிடம் போய், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டோம். இதை நாங்கள் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அவர் சிறிது தயங்கிவிட்டு, "கழிப்பறை இருக்கிறது. கழுவ ஆள் இல்லை. சில நாட்களில் பெரிய பெண்கள் மத்தியானத்தோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்" என்றார். எங்களுக்குள் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட வெட்கமாக இருந்தது. சலவைக்கல்லுக்கும் மேடைக்கும் திட்டம் போட்டவர்கள் அல்லவா நாங்கள்! 10 லட்சம் ரூபாய் மூலதனத்தை நூற்றுக்கு ஆறு வட்டியில் போட்டால் மாதம் 5,000 ரூபாய் வரும். அதில் ஓர் ஆளைப் பகுதி நேரத்துக்கு அமர்த்தலாம். கழுவிய தரையில் யாருடைய பெயரையும் எழுத முடியாது. அந்த உதவியை ஏழைப் பெண் என்றும் பணக்காரப் பெண் என்றும் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. அதனாலேயே அது உயர்ந்த தர்மம் என்று எனக்குத் தோன்றியது.

இது புதிய யோசனை அல்ல. 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கி, நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் முன்நின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் நிலமும் கட்டடமும் பெஞ்சும் பலகையும் பள்ளிக்குக் கொடுத்தார்கள். பெரும்பாலும் பெற்றது பள்ளிக்கூடம். இந்தப் பையன், அந்தப் பையன் என்பதில்லை. 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டமும் பழைய மாணவர்களை இதே வழியில்தான் அழைக்கிறது.

"இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியது அல்லவா?" என்று வாசகர் கேட்கலாம். செய்ய வேண்டியதுதான். டாக்டரும் சிங்கப்பூர்க்காரரும் வாய்த்த பள்ளிக்கு அறக்கட்டளை கிடைக்கும்; கூலிக்காரப் பிள்ளைகள் மட்டுமே படித்த மலைப் பள்ளிக்கு எது கிடைக்கும்? ஆகையால் எங்கள் பணம் அரசாங்கத்தின் கடமையைத் தள்ளுபடி செய்யும் சீட்டாக ஆகிவிடக் கூடாது. கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டேதான் கொடுக்க வேண்டும். அது வருகிற வரையில் அந்தப் பெண்கள் மத்தியானத்தோடு வீட்டுக்குப் போகக் கூடாது என்பதும் உண்மை.

இன்னொரு ஆட்சேபம் உண்டு. யார் உதவினார் என்று தெரியாவிட்டால் பிள்ளைகளுக்கு நன்றியுணர்ச்சி எப்படி வளரும்? என் சொந்த அனுபவத்தைத்தான் சொல்ல முடியும். கணக்கு வாத்தியார் என்னைத் தம் காலில் விழச் சொல்லியிருந்தால் விழுந்திருப்பேன். அன்றோடு கடன் தீர்ந்தது என்றும் எண்ணியிருப்பேன். அவர் அந்த வழியை அடைத்துவிட்டார். நான் உண்மையை அறிந்தபோது அவர் உயிரோடு இல்லை. திருப்பிக் கொடுக்க ஆள் இல்லாத கடன் முன்னால்தான் போக வேண்டியிருக்கிறது, நமக்குத் தெரியாத பிள்ளைகளிடம். அறக்கட்டளை என்பது முகம் இல்லாத ஒன்று என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அதுவே அதன் நற்குணமாகத் தெரிகிறது. முகம் இல்லாதவரிடம் குழந்தை கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

உதவி பெறும் மாணவர் பெயரோ படமோ எக்காலத்திலும் வெளியிடப்படாது என்று பத்திரத்தில் ஒரு வாசகம் சேர்த்தோம். நன்கொடையாளர் பெயர்கள் அகர வரிசையில், தொகையின்றி, கணக்குப் புத்தகத்தில் மட்டும் இருக்கும். பதிவு செய்வதற்காகச் சார்பதிவாளர் அலுவலகத்துப் பெஞ்சில் காத்திருந்தபோது, சைக்கிள் கடை நண்பன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன்: "அந்த நாலு பேரில் நானும் ஒருவன்."

"தெரியும்டா" என்றான். "அன்றைக்கு ராத்திரி எங்கள் அப்பாவோடு நானும் போயிருந்தேன். வாத்தியார் வீட்டுத் திண்ணையில் உங்கள் அப்பா நின்றுகொண்டிருந்தார்."

ஐம்பது வருஷமாக அவனுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

மற்ற இருவர் யார் என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.